ஊட்டி ஈரத்தில் 612 மாணவர் ஓவியங்கள்: இரண்டு மழைக்கால வேலைக் குறிப்பு

இரண்டாவது தென்மேற்குப் பருவமும் ஓய்ந்து, செப்டம்பர் கடைசியில் ஓவியங்கள் இருக்கும் பீரோவைத் திறந்து பார்த்தாயிற்று. ஒரு தாளிலும் புதுப் பூசணம் இல்லை. உள்ளே ஈரப்பதம் 56 சதவீதம், அதே நேரத்தில் வெளி வராந்தாவில் 91. மொத்த வேலையில் பாதி இந்த ஓர் இடைவெளியை உண்டாக்கத்தான் போனது. படமெடுத்துக் கணினியில் ஏற்றியது மீதிப் பாதி.

சேகரிப்பு ஊட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தின் பின்னறையில் இருந்தது. போட்டிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் மாணவர்கள் வரைந்து கொடுத்துவிட்டுப் போனவை, 612 உருப்படி. பெரும்பாலும் சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர். அதன்பின் டிராயிங் ஷீட்டில் வாட்டர் கலர், கரி, ஆயில் பாஸ்டல், ஸ்கெட்ச் பேனா. குறும்பர் ஓவிய பாணியில் வரைந்தவை ஒரு கட்டு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பூத்தையல் மாதிரிகள் பதினொன்று. தங்கத்தாள் ஒட்டிய தஞ்சாவூர் பாணிப் படங்கள் சில. பாதுகாப்பதாக நினைத்து யாரோ லேமினேட் செய்துவிட்ட போஸ்டர்கள் 31.

முழு சார்ட்கள் எல்லாம் சுருட்டியோ மடித்தோதான் கிடந்தன. காரணம் அலட்சியம் இல்லை, பீரோதான். வழக்கமான ஸ்டீல் பீரோ 78 அங்குல உயரம், 36 அகலம், 19 ஆழம். சார்ட் 22-க்கு 28. எந்தப் பக்கம் திருப்பினாலும் 22 அங்குலம் 19-க்குள் படுக்காது. இந்த மூன்று அங்குலம்தான் நாற்பது வருட மடிப்புக்கோடுகளுக்குக் காரணம். கடைசியில் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் 26 அங்குல ஆழத்தில் கதவுள்ள தகர அலமாரி ஒன்று செய்து வாங்கினோம். 14,000 ரூபாய். அரை சார்ட்டும் அதற்குச் சிறியவையும் பழைய பீரோவிலேயே இருக்கின்றன.

முதல் வேலை பிரித்தல். உயிருள்ள பூசணம் பஞ்சுபோலக் கிளம்பி நிற்கும், தொட்டால் இழுபடும். காய்ந்து செத்தது பொடியாக உதிரும். இழுபடுவதைத் துடைக்கக் கூடாது, தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, 20 டிகிரிக்குச் சூடாக்கிய அறையில் ஒரு வாரம் விட்டோம். மழை இடையில் ஓய்ந்து வெயில் அடித்த இரண்டு நாட்கள் புல்தரையில் காயப்போடலாம் என்று ஆசை வந்தது. செய்யவில்லை. மலை வெயிலில் ஸ்கெட்ச் பேனா மை வெளுக்க நாள்கணக்கு வேண்டாம்.

காய்ந்த பிறகு வராந்தாவில், காற்று நம்மைவிட்டு வெளியே போகும் பக்கமாக உட்கார்ந்து, இரண்டு அங்குல ஆட்டுமுடி பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் குழாயின் வாய்க்குள் விட வேண்டும். குழாய் வாயில் நைலான் கொசுவலைத் துண்டு கட்டினால் பெயர்ந்த வண்ணச் சில்லு உள்ளே போகாது. சாதாரண வாக்குவம் ஒருபக்கம் இழுத்த பூசணப் பொடியை மறுபக்கம் அறை முழுக்கத் தூவும். என்-95 முகக்கவசமும் நைட்ரில் கையுறையும் கட்டாயம். கரி, பாஸ்டல் படங்களின் முகப்பில் பிரஷ் படவே கூடாது, பின்பக்கம் மட்டும்.

இங்கே ஒரு தாள் கெட்டது. பூசணக் கறைக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு நல்லது என்று ஒரு மூலையில் வைத்தோம். ஸ்கெட்ச் பேனாவின் ஊதா மை நொடியில் பரவி அரை அங்குல வட்டமாகிவிட்டது. அதன்பின் கறையைக் கறையாகவே விட்டோம்.

செல்லோ டேப் ஒட்டிய இடங்களில் பசை செத்திருந்தால் மேல்பட்டை தானாகவே வந்துவிடும். வராதவற்றுக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய ஸ்பாட்டுலாவைப் படுக்கையாக நுழைக்க வேண்டும். வண்ணத்தின் மேலேயே ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். மைதாப் பசை இருந்த ஓரங்களை இராமபாணப்பூச்சி அரித்திருந்தது. அந்தக் கட்டுகளைக் காற்று வெளியேற்றிய பாலித்தீன் உறையில் ஒட்டி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தோம். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறையில் வைத்த பிறகே திறந்தோம். முன்னதாகத் திறந்தால் தாளின் மேல் பனித்துளி இறங்கும், போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும்.

இனி ஈரம். முதலில் ஈரமானிகளைச் சோதித்தோம். நான்கு வாங்கியதில் நான்கும் நான்கு கணக்குச் சொல்லின. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, களிம்புபோல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் ஈரமானியையும் இறுக்கமான டிஃபன் டப்பாவில் பன்னிரண்டு மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே 75 சதவீதம் நிற்கும். எங்கள் கருவிகள் 68, 74, 75, 79 காட்டின. ஒவ்வொன்றின் முதுகிலும் கூட்ட வேண்டியதை, கழிக்க வேண்டியதை எழுதி ஒட்டினோம். 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் கிளம்பும் என்பதால் 7 சதவீதப் பிழை சின்னப் பிழை இல்லை.

அடுத்தது பெரிய தவறு. 17,000 ரூபாய்க்கு, காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கினோம். பெட்டியில் ஒரு நாளைக்கு 12 லிட்டர் என்று போட்டிருந்தது. ஜூலையில் அந்த அறையில் அது பிடித்த தண்ணீர் நாளுக்கு அரை லிட்டருக்கும் கீழே. பழுது என்று நினைத்துச் சமவெளியிலுள்ள கடைக்கு எடுத்துப் போனால் அங்கே ஒழுங்காக ஓடியது. விஷயம் இதுதான்: கம்ப்ரசர் வகைக் கருவியின் 12 லிட்டர் என்பது 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த கணக்கு. எங்கள் அறை 14 டிகிரி. அந்தக் குளிரில் கருவியின் குளிர்ச்சுருள் உறைநிலைக்குக் கீழே போய் வெள்ளையாய்ப் பனி கட்டுகிறது. அதை உருக்குவதிலேயே பாதி நேரம் போகிறது. குளிரான இடத்துக்கு ஏற்றது ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த வகை. விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

சிலிக்கா ஜெல்லும் ஏமாற்றம்தான், ஆனால் கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். பீரோவில் தாளும் அட்டையும் சேர்த்துச் சுமார் 60 கிலோ. மழைக்கால ஈரத்திலிருந்து பாதுகாப்பான நிலைக்கு அதைக் கொண்டுவர, எடையில் 5 சதவீதம் என்று வைத்தாலும் 3 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். ஜெல் தன் எடையில் கால்பங்கு குடிக்கும் என்று வைத்தால் 12 கிலோ ஜெல் வேண்டும். நாங்கள் வைத்தது ஐம்பது கிராம் பொட்டலம் இருபது. மூன்றே நாளில் ஆரஞ்சு மணிகள் பச்சையாகிவிட்டன. இப்போது ஜெல் கேமரா பெட்டிக்கும் ஹார்ட் டிஸ்க் டப்பாவுக்கும் மட்டும். 120 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும்.

வசம்பும் வேப்பிலையும் பழைய அலமாரியில் மூட்டையாக இருந்தன. பூச்சிக்கு ஆகலாம், ஈரத்தை ஒன்றும் செய்யாது. யூகலிப்டஸ் தைலம் நனைத்த பஞ்சு வைக்கும் பழக்கம் மலையில் உண்டு. அதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படிவது ஒன்று. பெரிய கேடு, பூசண வாடையை அந்த மணம் மூடிவிடுவது. கதவைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும் முதல் எச்சரிக்கை அந்த வாடைதான்.

கடைசியில் வேலை செய்தது சூடு. 14 டிகிரியில் 88 சதவீதம் இருக்கும் காற்றை, தண்ணீர் ஒரு சொட்டும் எடுக்காமல், 20 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 60-க்கு வந்துவிடும். மின்சார பேனல் போர்டுகளுக்குள் ஈரம் கட்டாமலிருக்க வைக்கும் 40 வாட் ஸ்பேஸ் ஹீட்டர், ஒன்று 450 ரூபாய், பீரோவுக்கு இரண்டு. அடித்தட்டைக் காலி செய்து, ஹீட்டரைச் சுற்றித் துளையிட்ட தகரக் கூண்டு வைத்து, மேல்தட்டுக்கும் அதற்கும் 15 செ.மீ. இடைவெளி விட்டோம். சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மல் ஃப்யூஸ், எர்த், கோளாறு வந்தால் தானாக விழும் தனி எம்.சி.பி. சுவிட்ச் மூன்றும் இல்லாமல் காகிதம் இருக்கும் பீரோவுக்குள் கம்பி விடக் கூடாது. பழைய முறைப்படி குண்டு பல்பு போட்டால் பக்கத்துத் தாள் மட்டும் வறளும், வெளிச்சத்தில் நிறமும் போகும்.

இதிலும் ஒரு தடவை சறுக்கினோம். வெளிக்காற்று வரக் கூடாதென்று கதவோரமெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டிச் சூடாக்கினோம். நான்கு நாள் ஆகியும் உள்ளே 80-க்குக் கீழே இறங்கவில்லை. மூடிய பெட்டியில் காற்று கொஞ்சம், காகிதம் நிறைய. சூடு ஏறியதும் தாள் தன் ஈரத்தைக் காற்றில் விடுகிறது, அந்தக் காற்றுக்குப் போக வழியில்லை. பீடிங்கைப் பிய்த்துவிட்டு, கீழே ஆறு, மேலே ஆறு என அரை அங்குலத் துளை போட்டுச் சல்லடைத் தகடு ஒட்டினோம். ஒன்பதாம் நாள் 61. இரண்டாம் வாரக் கடைசியில் 57.

ஜனவரி உறைபனிக் காலத்தில் பகல் காற்று நன்றாகக் காய்ந்துவிடும். அப்போதும் ஹீட்டர் ஓடினால் வண்ணம் வெடிக்கும். அதனால் ஈரப்பதத்தைப் பார்த்து ஓடும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று சேர்த்தோம். காளான் குடில்களுக்கு விற்பது, 900 ரூபாய். மொட்டுக்காளான் போடுகிறவர்கள் ஈரத்தை ஏற்றி வைக்க வாங்குவதை, பூசணம் வராமலிருக்கத் தலைகீழாக அமைத்துக்கொண்டோம். 60-க்கு ஏறினால் ஹீட்டர் ஓடும், 52-க்கு இறங்கினால் நிற்கும்.

சுருண்ட சார்ட்களை விரிக்கத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. மழை நாளில் ஓர் இரவு அறையில் திறந்து வைத்தால் தாள் தானாகத் தளர்ந்துவிடும். மறுநாள் பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் பழைய அகராதித் தொகுதிகள், பத்து நாள். ஊட்டி ஈரத்தால் வந்த ஒரே நன்மை இது.

படமெடுக்கும் மேடை ஸ்லாட்டட் ஆங்கிள் என்னும் துளையிட்ட இரும்புச் சட்டத்திலும் 18 மி.மீ. பிளைவுட்டிலும் கட்டியது. கேமரா துறையில் இருந்த 24 மெகாபிக்சல், 6000-க்கு 4000 புள்ளி. லென்ஸ் 60 மி.மீ. மேக்ரோ. ஏ3 தாளை ஓரம் விட்டு எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும், போதும். முழு சார்ட்டை ஒரே படத்தில் எடுத்தால் 180-க்கும் கீழே. அதனால் 250 புள்ளிக் கணக்கில் மூன்று படமாக எடுத்துக் கணினியில் ஒன்றாகத் தைத்தோம், ஒன்றுக்கொன்று 9 அங்குலம் மேல்படியும்படி. கேமராவும் விளக்கும் அசையக் கூடாது. தாள் கிடக்கும் பலகை மட்டும் தண்டவாளத்தில் நகர வேண்டும். முதலில் கேமராவை நகர்த்தினோம், தைத்த இடங்களில் வெளிச்சப் பட்டை தெரிந்தது.

பலகைக்கு ரசமட்டம் பார்த்தால் போதும் என்று எண்ணியதும் தப்பு. கேமரா அதற்கு இணையாக இருக்க வேண்டும். பலகை நடுவே ஒரு சிறு கண்ணாடி வையுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைத் திருகுங்கள். பின்பு ஏ3 தாளை எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்கள் 1 மி.மீ.க்குள் ஒத்திருக்கின்றனவா என்று அளந்தோம்.

விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 டிகிரியில், ஒரு மீட்டர் தள்ளி. ஒவ்வொன்றும் எதிர் ஓரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பலகை நடுவே பென்சிலை நிறுத்தினால் இருபக்க நிழலும் ஒரே கறுப்பாக விழ வேண்டும். முதலில் வாங்கிய எல்.இ.டி. பேனல் சிஆர்ஐ 80 (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறுக்கு இத்தனை என்ற மதிப்பெண்). அதில் ஓவியங்களிலுள்ள காட்டுப்பூவரசுப் (ரோடோடென்ட்ரான்) பூவின் சிவப்பு செங்கல் நிறமாக வந்தது, தோடர் தையலின் சிவப்பும் அப்படியே. கணினியில் எவ்வளவு திருத்தினாலும் சிவப்பு திரும்பாது, விளக்கில் இல்லாததைக் கேமரா பார்க்க முடியாது. 95-க்கு மாற்றியதும் சரியாயிற்று. ஜன்னலைக் கறுப்புத் துணியால் முழுக்க அடைத்துவிடுங்கள். மஞ்சு வந்து விலகும் ஐந்து நிமிடத்தில் வெள்ளைச் சமநிலை மாறிப்போகிறது.

ஆயில் பாஸ்டலும் தடித்த போஸ்டர் கலரும் பளபளத்தன. விளக்கின் முன், ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் போலரைசிங் ஃபிலிம், லென்ஸில் சர்க்குலர் போலரைசர், இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு அடியோடு போகும். மூன்று ஸ்டாப் வெளிச்சமும் சேர்ந்து போகும், அதாவது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8-இல் ஷட்டர் கால் நொடிக்கு இறங்கியது. அப்போதுதான் கட்டடத்தின் மரத்தளம் வேலையைக் காட்டியது: நடையில் யாராவது போனால் படம் கலங்கியது. மேடை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, வளையம் அடங்கிய பிறகு இரண்டு நொடி டைமரில் எடுத்தோம்.

இந்தக் குறுக்குப் போலரைசரை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். தங்கத்தாள் கறுத்த பித்தளை போல ஆகிவிடும், உலோகத்தின் மினுக்கமும் அதே வழியில் வெட்டுப்படுவதால். அவற்றுக்குப் போலரைசரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படம். லேமினேஷன் உப்பியிருந்த இடங்களில் வானவில் பட்டைகள் தெரிந்தன. அந்த 31-க்கும் போலரைசரைக் கழற்றி, விளக்கை 30 டிகிரிக்குத் தாழ்த்தி, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினோம். பூத்தையலுக்கு ஒரு பக்க விளக்கு மட்டும், மிகத் தாழ்வாக. நூலின் மேடு நிழலோடு தெரிய வேண்டும்.

ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் 24 கட்ட வண்ண அட்டை ஒரு படம். கேமராவின் மூலக் கோப்புகளைப் படமாக மாற்றியது ராதெரபி என்ற இலவச மென்பொருளில். 16 பிட் டிஃப் கோப்பு ஒன்று 144 எம்பி, மொத்தம் 100 ஜிபி தாண்டியது. பின்பக்கங்களையும் எடுத்தோம். பெயர், வகுப்பு, போட்டித் தலைப்பு எல்லாம் அங்கேதான். இரண்டு ஹார்ட் டிஸ்க் இங்கே, ஒன்று கோவையில். ஒவ்வொரு கோப்புக்கும், உள்ளே ஏதாவது மாறினால் தானும் மாறும் எஸ்எச்ஏ-256 எண் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுகிறோம்.

கோப்புப் பெயர் எண்களால் மட்டும்: 1998-014-03-1. வருடம், கட்டு, தாள், பக்கம். மாணவர் பெயரைக் கோப்பில் வைத்துப் பார்த்தோம், தேடல் காலை வாரியது. பழைய பதிவேடு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றியபோது, 'கொ' போன்ற எழுத்துகள் சில இடத்தில் ஒற்றைக் குறியாகவும் சில இடத்தில் இரண்டு துண்டாகவும் விழுந்தன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாகத் தட்டலாம். 'ஸ்ரீ'யைத் தனியே ஒரே விதமாக்கி, எல்லாப் பெயரையும் துண்டுகளை ஒற்றைக் குறியாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு ஒரே ஓட்டத்தில் மாற்றிய பின்தான் பட்டியல் ஒழுங்காயிற்று. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறியவர்களுக்கு, தாளில் அவரே எழுதிய பெயரை அப்படியே வைத்தோம். இன்றைய பெயர் தனிக் கட்டத்தில்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை வரைந்தவருக்கு, அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு. தாள் கல்லூரியில் கிடப்பதால் உரிமை கல்லூரிக்கு வந்துவிடாது. அதனால் நூலகக் கணினியில் மட்டும் 1500 புள்ளி அளவுப் படங்கள். வெளியே போடுவது எழுத்தில் சம்மதம் வந்தவற்றை மட்டும்.

தாள்களை இப்போது 120 ஜிஎஸ்எம் அமிலமற்ற காகித உறையில் படுக்கவைத்திருக்கிறோம், ஓர் உறையில் பத்துக்கு மேல் இல்லை. அமிலமற்றது என்று விற்றதில் ஒரு ரோல், அமிலத்தைச் சோதிக்கும் பிஹெச் பேனாவுக்கு மஞ்சள், அதாவது அமிலம் உண்டு என்று, காட்டியது, திருப்பி அனுப்பினோம். கரிப் படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடக் கூடாது, நிலைமின்சாரம் கரியைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஜன்னல் வெட்டிய அட்டைச் சட்டம்.

மறுபடி செய்வதானால் கேமரா பக்கமே போகாமல் முதலில் நான்கு ஈரமானியை வைத்து ஜூன் முதல் ஜனவரி வரை எழுதிவிட்டுத்தான் எதையும் வாங்குவோம். அந்த 17,000 தப்பியிருக்கும். கருவி இப்போது 20 டிகிரியில் இருக்கும் படமெடுக்கும் அறையில் ஓடுகிறது, அங்கே பரவாயில்லை. எண் போடுவதையும் பிரித்து முடித்த பிறகே தொடங்குவோம். பாதியில் தொடங்கி, 140 தாளுக்குப் பென்சில் எண்ணை அழித்து எழுதினோம். அலமாரியை 26 அங்குலத்துக்குப் பதில் 30 ஆழத்தில் செய்யச் சொல்லியிருக்கலாம். உறையோடு சேர்ந்த சார்ட் உள்ளே போகிறது, கைவிரல் போக இடமில்லை.

லேமினேட் ஆனவற்றை உரிக்கும் எண்ணம் இல்லை, உரித்தால் வண்ணமும் கூடவே வரும். 31-இல் நான்கில் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே பூசணம் இருக்கிறது. அவை மட்டும் தனிப் பெட்டியில், ஹீட்டருக்குப் பக்கத்துத் தட்டில். மாதம் ஒருமுறை அதே விளக்கில் அதே கோணத்தில் படமெடுத்து, புள்ளிகள் பெரிதாகின்றனவா என்று அளந்து வருகிறோம்.